நீர்வண்ணப் பயிலரங்குக்குப் புறப்படும் முன்: பாதிக் காசு தாளுக்கு

சார்ட் பேப்பரோடு மட்டும் வந்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசுவோம், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அவ்வப்போது ஒருநாள் பயிலரங்கு நடத்துகிறோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், அதுவும் ரொம்ப ஆசையோடு வந்தவராக இருப்பார், 24 டியூப் அடுக்கிய புத்தம்புது வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பையிலிருந்து நான்காக மடித்த சார்ட் பேப்பரை எடுத்து விரிப்பார். போன முறை தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா அப்படித்தான். வானம் போடுவதற்காகத் தாளை நனைத்தார், நீலத்தை விட்டார், ஒரு நிமிடத்தில் தாள் அப்பளம் பொரிவதுபோல மேடும் பள்ளமுமாகப் பொங்கி, நீலம் முழுக்கப் பள்ளத்தில் போய்த் தேங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்தார். தாளின் மேல்தோல் உரிந்து, ரப்பரால் அழித்தால் உதிருமே, அதுபோலச் சின்னச்சின்ன உருண்டையாகத் திரண்டு வந்தது. "எனக்கு இதெல்லாம் கை வராது தம்பி" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். என்னிடம் இருந்த பருத்தித் தாளில் கால் பங்கை வெட்டிக் கொடுத்தேன். வண்ணமும் பிரஷ்ஷும் அவருடையதேதான். இந்தத் தடவை நீலம் மேலிருந்து கீழே தானாக இறங்கி, தொடுவானத்துக்கு வரும்போது வெளுத்து நின்றது. காயும்வரை அதை மடியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கை நன்றாகவே வந்தது. தாள்தான் காலை வாரியது. எனவே கையில் 1000 ரூபாய் இருந்தால் 500 ரூபாயைத் தாளுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் ஒரு போன்

பயிலரங்குக்குப் பத்து நாளாவது இருக்கும்போதே நடத்துபவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தாள் அவர்கள் தருகிறார்களா, தந்தால் என்ன அளவு? பலகை இருக்கிறதா? உள்ளே உட்கார்ந்தா, வெளியிடத்திலா? குறிப்பிட்ட நிறம் ஏதாவது வேண்டுமா? இவ்வளவு போதும். தாளும் பலகையும் அவர்களே தருகிறார்கள் என்றால் உங்கள் செலவு பாதிக்குமேல் குறைந்துவிடும். பத்து நாள் என்று சொல்வதற்குக் காரணம், நல்ல தாள் நம்மூர் ஸ்டேஷனரி கடைகளில் எல்லா நேரமும் கிடைக்காது, ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் திருவனந்தபுரம் போகிற வேலை இருந்தால் அதோடு சேர்த்து வாங்கலாம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான், நுண்கலைக் கல்லூரி உள்ள ஊர் என்பதால் ஓவியப் பொருள் கடைகளில் நேரில் தொட்டுப் பார்த்து எடுக்க முடியும்.

தாள்

அட்டையில் மூன்று விஷயம் பாருங்கள். 300 ஜி.எஸ்.எம். என்று இருக்க வேண்டும், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம். 180, 200 எல்லாம் ஈரம் பட்டதும் வளையும். அடுத்து, கோல்ட் பிரஸ் என்று போட்டிருக்க வேண்டும். விரலால் தடவினால் லேசான சொரசொரப்பு தெரியும், புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் தோது. ஹாட் பிரஸ் வழவழப்பாக இருக்கும், வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, 100% காட்டன் என்று இருந்தால் ரொம்ப நல்லது. மரக்கூழில் செய்த 300 ஜி.எஸ்.எம். தாளும் பயிற்சிக்குப் பரவாயில்லை, ஆனால் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு போன்றவை உசத்தி, விலையும் உசத்தி. புதிதாக வருபவர்கள் அதில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிரஸ்ட்ரோ போன்ற இந்திய பிராண்டுகளின் காட்டன் தாளே தாராளம்.

புத்தகமாகக் கட்டிய பேடு வாங்குவதைவிட முழுத்தாளாக வாங்கி வெட்டிக்கொள்வது லாபம். முழுத்தாள் 22 அங்குலம் அகலம், 30 அங்குலம் நீளம். நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 11-க்கு 15, எட்டாக வெட்டினால் 7.5-க்கு 11. ஒருநாள் பயிலரங்குக்கு ஒரு முழுத்தாள் போதும்: இரண்டு கால் பங்கு படத்துக்கு, மிச்சத்தை எட்டில் ஒரு பங்காக வெட்டிப் பயிற்சிக்கு. பின்பக்கத்திலும் வரையலாம், பயப்பட வேண்டாம். தனியாக வாங்கத் தயக்கமாக இருந்தால் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து நான்கைந்து தாள் வரவழைத்தால் கூரியர் செலவும் பங்காகிவிடும்.

வெட்டும்போது கை சுத்தமாக இருக்கட்டும். நம்மூர் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடும் நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற விரலோடும் தாளைத் தொட்டுவிடுவோம். அப்போது ஒன்றும் தெரியாது. வானத்துக்குத் தண்ணீர் பூசும்போதுதான் அந்த இடம் மட்டும் ஈரம் பிடிக்காமல் விரல் ரேகையோடு வெள்ளையாக நிற்கும், என்ன செய்தாலும் போகாது.

இன்னொரு சங்கதி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே உள்ளது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்கு உண்டு, ஆக வருஷத்தில் பாதிக்குமேல் காற்றில் ஈரம்தான். நீர்வண்ணத் தாளின் மேல் ஜெலட்டின் போன்ற ஒரு பசைப்பூச்சு இருக்கும், அதுதான் வண்ணத்தை உடனே உறிஞ்சவிடாமல் மேலே நிறுத்துகிறது. ஈரத்தில் நாள்பட்டுக் கிடந்தால் அந்தப் பூச்சு கெட்டுவிடும். பல வருஷம் முன்பு ஒரு கடையில் தள்ளுபடிக்குக் கிடைத்ததென்று ஐந்து தாளைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன், பார்வைக்குப் புதுத்தாள் மாதிரியே இருந்தது. வண்ணம் வைத்ததும் அங்கங்கே திட்டுத்திட்டாகக் கருத்து, மையுறிஞ்சும் தாள்போல இழுத்துக்கொண்டது. ஐந்தும் வீண். அதிலிருந்து எந்தத் தாள் வாங்கினாலும் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கிறேன். சொட்டு முத்துபோல நின்று மெதுவாக இறங்கினால் நல்ல தாள். வைத்ததும் பரவிக் கருத்துப்போனால் பூச்சு போய்விட்டது. வாங்கிய தாளைப் பாலித்தீன் உறையில் போட்டு, செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் இரண்டைச் சேர்த்து மூடி வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பீரோவின் மேல்தட்டு நல்லது.

வண்ணம்: ஆறு ஏழு டியூப் போதும்

கடையில் "வாட்டர் கலர்" என்று கேட்டாலும் போஸ்டர் கலரையோ ஃபேப்ரிக் பெயின்ட்டையோ எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு. போஸ்டர் கலர் ஒளி ஊடுருவாதது, அடியில் இருப்பதை மறைத்துவிடும். நீர்வண்ணத்தில் வண்ணத்தின் வழியாக வெளிச்சம் உள்ளே போய்த் தாளின் வெண்மையில் பட்டுத் திரும்ப வேண்டும், அழகே அதில்தான் இருக்கிறது. எனவே டியூபின் மேல் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் காசு கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான வட்டவட்டக் கேக்குகளும் வேண்டாம், நிறமி குறைவு, எவ்வளவு தேய்த்தாலும் வெளிறித்தான் வரும். கேமல் நிறுவனத்திலேயே மாணவர்களுக்கானது தனி, ஆர்ட்டிஸ்ட் வாட்டர் கலர் தனி. இரண்டாவதைக் கேளுங்கள், 5 மி.லி. டியூப் போதும்.

நான் எடுக்கச் சொல்லும் நிறங்கள்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), கிரிம்சன் (அடர்சிவப்பு) அல்லது ரோஸ், அல்ட்ராமரைன் (அடர்நீலம்), பிரஷ்யன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). முடிந்தால் ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பு ஒன்று. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் அருமையான கருமை வரும், தண்ணீர் கூட்டினால் அதுவே மழைமேகச் சாம்பல்.

பச்சை டியூப் வாங்காதீர்கள் என்று சொன்னால் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். நம் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பச்சைதானே. அதற்காகவேதான் சொல்கிறேன். தோவாளையிலிருந்து பூதப்பாண்டிப் பக்கம் போகும்போது பாருங்கள், கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவு முடிந்த வயலின் பச்சை ஒன்று, அதன் வரப்பில் நிற்கும் வாழையின் பச்சை வேறொன்று, தென்னை இன்னும் கருத்தது, பின்னால் மலை கிட்டத்தட்ட நீலம். டியூப் பச்சை இது நான்கையும் ஒன்றாக்கிவிடும். பிரஷ்யன் ப்ளூவில் ஒரு துளி எடுத்து நிறைய லெமன் யெல்லோவில் விட்டால் நாற்றின் நிறம். அதிலேயே யெல்லோ ஓக்கர் சேர்த்தால் வாழை. பிரஷ்யனும் ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் தென்னந்தோப்பின் நிழல். அல்ட்ராமரைனில் கொஞ்சம் ரோஸும் ரொம்பத் தண்ணீரும் போட்டால் தூரத்து மலை. வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இந்தக் கலவைகளை ஒரு துண்டுத் தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டு வந்தால், பயிலரங்கில் மற்றவர்களைவிட அரைநாள் முன்னால் இருப்பீர்கள்.

வெள்ளை டியூபும் அவசியமில்லை, தாளின் வெள்ளைதான் வெள்ளை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மணவாளக்குறிச்சி கடற்கரை ஞாபகம் வரும். அங்கே அலை ஒதுக்கும் கருமணலில் இல்மனைட் இருக்கிறது, டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற அப்பழுக்கில்லாத வெண்நிறமியை எடுப்பது அந்தக் கனிமத்திலிருந்துதான். கறுப்பு மணலுக்குள் வெள்ளை வண்ணம் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

டியூபில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பிபி29, பிபி27 என்று குறியீடு இருக்கும், நிறமியின் அடையாளம் அதுதான். பிபி29 என்றால் எந்த நிறுவனமானாலும் அல்ட்ராமரைன். பெயர் கவர்ச்சியாக இருக்கிறதென்று வாங்காமல் இதைப் பாருங்கள். இரண்டு மூன்று குறியீடு சேர்ந்திருந்தால் அது ஏற்கெனவே கலந்தது, நீங்கள் மேலும் கலக்கும்போது சீக்கிரம் சேறாகும்.

பிரஷ்

மூன்று போதும். ரவுண்டு வகையில் பெரியது ஒன்று, 10 அல்லது 12. நடுத்தரம் ஒன்று, 6. ஒரு அங்குல ஃபிளாட் ஒன்று. புதியவர்கள் எப்போதும் சின்ன பிரஷ்ஷாக அள்ளிக்கொண்டு வருகிறார்கள், பிறகு வானத்தை 2-ஆம் நம்பரால் தடவித்தடவிக் கோடு கோடாக்குகிறார்கள். பெரிய பிரஷ்ஷில் தண்ணீர் நிற்கும், நுனியும் கூராக இருந்தால் கட்டுமரத்தின் பாயைக்கூட அதிலேயே போட்டுவிடலாம்.

கடையில் புது பிரஷ் பசை போட்டு விறைப்பாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைக்கார அண்ணாச்சியிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேளுங்கள், கொடுப்பார். பசை கரையும்வரை அலசிவிட்டு ஒரு உதறு உதறுங்கள். முடியெல்லாம் ஒன்றுகூடி ஒரே நுனியாக நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாகப் பிரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். செயற்கை இழை பிரஷ்ஷே நன்றாக உழைக்கிறது. கீரி முடி பிரஷ் என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விற்பதும் வாங்குவதும் குற்றம், அதைவிட ஒரு பிரஷ்ஷுக்காகக் கீரிகளைக் கொல்வது மனசுக்கே ஆகாத காரியம்.

வீட்டில் இருப்பதை எடுத்தால் போதும்

வண்ணம் குழைக்கும் பேலட்டுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டு. பிளாஸ்டிக் பேலட் வாங்கியிருந்தால் புதிதில் வண்ணம் அதில் உருண்டு உருண்டு நிற்கும், பற்பசை வைத்துத் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும்.

பலகைக்கு பிள்ளைகளின் பரீட்சை அட்டை போதும், கால் பங்குத் தாளுக்குக் கொஞ்சம் பெரிய பிளைவுட் துண்டாக இருந்தால் நல்லது, மரக்கடையில் கழிவுத் துண்டு கேட்டால் கிடைக்கும். ஒரு அங்குல மாஸ்கிங் டேப் ஒன்று. தாளின் நான்கு ஓரத்தையும் ஒட்டுவதற்கு. படம் நன்றாகக் காய்ந்தபின், படத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள், வெயிலில் போட்டோ பல நாள் ஒட்டியபடியே விட்டோ வைத்தால் பசை தாளிலேயே தங்கிவிடும்.

துடைக்கத் துணி: பழைய வேட்டியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆனதாக இருக்கட்டும். கஞ்சி போட்டதும் புதுத்துணியும் ஈரத்தை உறிஞ்சாது. தண்ணீருக்கு வாயகன்ற பாட்டில் இரண்டு, ஒன்றில் பிரஷ் கழுவ, மற்றதில் சுத்தத் தண்ணீர். டீ தம்ளரில் தண்ணீர் வைக்காதீர்கள், கவனம் படத்தில் இருக்கும்போது கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது, சில நிறமிகள் உடம்புக்கு ஆகாதவை. பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் இதே காரணத்துக்காக வேண்டாம். அப்புறம் 2பி பென்சில், மெத்தென்ற ரப்பர், பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன ஸ்பிரே பாட்டில்.

கடற்கரை ஊர்க்காரர்கள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் வண்ணம் கலக்க அதை எடுக்காதீர்கள், குடிதண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். ஈர வண்ணத்தின்மேல் உப்புக்கல் தூவிப் பூப்பூவாகத் திட்டு வரவைப்பது நீர்வண்ணத்தில் ஒரு உத்தியே. உப்பு நிறமியைத் தள்ளும், தண்ணீரை இழுக்கும். பயிலரங்கில் அதைக் கற்றுத் தருகிறார்கள் என்றால் ஒரு பிடி கல்லுப்பு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள், புத்தளம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பளமே வாசலில். மழை நாளில் மட்டும் அந்த உத்தி சரியாக வராது, உப்பே காற்றின் ஈரத்தில் கசிந்துவிடும்.

மாஸ்கிங் ஃப்ளூயிட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் முதலிலேயே தடவி, மேலே வண்ணம் பூசி, காய்ந்தபின் உரித்தெடுக்கும் திரவம். மூடியைத் திறந்ததும் குலசேகரம், அருமனைப் பக்கத்து ஆட்கள் சிரித்துவிடுவார்கள், அம்மோனியா போட்ட ரப்பர் பால் வாசம் அப்படியே வரும். இருப்பதும் அதுதான், ரப்பர் பாலும் அம்மோனியாவும். அதற்காகத் தோட்டத்திலிருந்து சிரட்டையில் பால் கொண்டுவர வேண்டாம், சில மணி நேரத்தில் உறைந்துவிடும், உரிக்கும்போது தாளையும் சேர்த்துக் கிழிக்கும். முதல் பயிலரங்குக்கு இது தேவையே இல்லை. வாங்கினாலும் பழைய பிரஷ்ஷைச் சோப்பில் தோய்த்துவிட்டுத்தான் தொட வேண்டும், நல்ல பிரஷ்ஷை அதில் விட்டால் அதோடு சரி.

வெளியிடத்தில் என்றால்

முட்டம், வட்டக்கோட்டை, மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி இடங்களில் நடப்பதாக இருந்தால் முதல் பிரச்சினை காற்று. தாளை டேப்பால் ஒட்டியதோடு பலகையின் நான்கு மூலைக்கும் இரும்பு கிளிப் போடுங்கள். கடற்காற்றில் வண்ணம் பூசப்பூசக் காய்ந்துவிடும், ஸ்பிரே பாட்டில் கையிலேயே இருக்கட்டும். ஈர வண்ணத்தில் மணல் ஒட்டினால் தட்டாதீர்கள், தேய்ந்து கோடு விழும், காய்ந்தபின் தானாக உதிரும். வெயில் நேராக வெள்ளைத்தாளில் பட்டால் கண் கூசி நிறமெல்லாம் தப்பாகத் தெரியும், நிழலாகப் பார்த்து உட்காருங்கள், தொப்பியும் மடக்கு ஸ்டூலும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை என்றால் திங்கட்கிழமை மூடியிருக்கும். அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து வரைய அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முந்தின நாள்

வண்ணத்தைப் பேலட்டில் முந்தின நாளே பிதுக்கிக் காயவிடும் பழக்கம் நல்லதுதான், ஆனால் மழைக்காலத்தில் ஒரு ராத்திரியில் காயாது, மூன்று நாள் முன்பே செய்யுங்கள். பட்டாணி அளவு போதும்.

ஒரு துண்டுத் தாளை ஒட்டி, நனைத்து, ஒரு வானம் போட்டுப் பாருங்கள். படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக இல்லை. டேப் உரியுமா, பிரஷ் முடி கொட்டுகிறதா, எந்த டியூபின் மூடி இறுகிக் கிடக்கிறது என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். இறுகிய மூடியைப் பல்லால் கடிக்காமல் வெந்நீரில் அரை நிமிடம் தலைகீழாகப் பிடியுங்கள், திறந்துகொள்ளும்.

தாளைச் சுருட்டிக் கொண்டுவரக் கூடாது. ஃபேனோ மிக்சியோ வந்த அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு அட்டை வெட்டி, நடுவில் தாளை வைத்து, பாலித்தீனில் சுற்றினால் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் கச்சிதமாக நிற்கும். பஸ்ஸில் வந்தாலும் மடங்காது, மழை வந்தாலும் நனையாது. திரும்பும்போது படத்தையும் அதே அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோகலாம், ஆனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போனதும் அலுப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் பிரஷ்களை அலசி நுனியைச் சேர்த்துப் படுக்கவைத்துவிடுங்கள். ஈரத்தோடு தம்ளரில் நிறுத்தினால் தண்ணீர் உலோகப் பூணுக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும். பேலட்டை ஈரத்தோடு மூடினால் நம்மூர் ஈரத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும், திறந்தபடி ஃபேனுக்கு அடியில் ராத்திரி முழுக்க வையுங்கள். சில வண்ணங்களில் தேன் சேர்த்திருப்பார்கள், எறும்பு வரும். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பேலட்டை வைத்துவிட்டால் காலையில் எடுத்து மூடிக்கொள்ளலாம்.